கல்வாரிப் பலி யாருக்காக?

மறைமலை நகரில் நம்மோடு அமர்ந்து பயிலும் தோழியருள் பலர் பிற சமயத்தினர். தொழிற்சாலை வேலையை நாடி வெளி மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்கள் நம் அயலில் வாழ்கின்றன. இவர்களுக்காகவும் இயேசு சிலுவையில் மரித்தாரா? மறைக்கல்வி வகுப்பில் நமக்கு எழும் இக்கேள்வி மிகப் பழையது.

இறுதி இரா உணவில், தம் இரத்தம் “பலருக்காக” சிந்தப்படுகிறது என ஆண்டவர் மொழிந்ததை மாற்கு நற்செய்தி (14:24) கூறுகிறது. திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகமோ (2:6), அவர் “எல்லாருக்காகவும்” தம்மையே மீட்பு விலையாக அளித்தார் என்கிறது. அப்படியானால் “பலர்” என்பது சிலரை விலக்கும் சொல்லா? அல்ல, எபிரேய வழக்கில் அது திரளான மக்களைச் சுட்டும் என்பர் அறிஞர்.

1618-19இல் ஹாலந்து நாட்டின் டார்ட் நகரில் கூடிய கால்வினிய சபையார், சிலுவைப் பலியின் மதிப்பு அளவற்றது என ஏற்றனர். ஆயினும் இறைவன் முன்குறித்தோரை மீட்பதே அதன் நோக்கம் என்றனர். 18ஆம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லி, கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார் எனப் போதித்து இதை எதிர்த்தார்.

இவ்விரு மரபுகளும் சென்னைக்கு வந்தன. வெஸ்லியின் வழிவந்தோர் 1817இல் பணி தொடங்கினர். கால்வினிய மரபில் வந்த ஸ்காட்லாந்து சபையின் ஜான் ஆண்டர்சன் 1837இல் நடத்திய பள்ளியே வளர்ந்து, இன்று தாம்பரத்தில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியாக விளங்குகிறது. 1947 செப்டம்பர் 27 அன்று புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானபோது, இவ்விரு மரபினரும் ஆங்கிலிக்கன் சபையாரோடு ஒரே சபையில் இணைந்தனர்.

நம் கத்தோலிக்கத் திருச்சபை என்ன கற்பிக்கிறது? கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார். எனினும் எல்லாரும் அப்பலனைப் பெறுவதில்லை என 1547இல் திரெந்து பொதுச்சங்கம் கூறியது. மழை ஊர் முழுவதற்கும் பெய்கிறது; கவிழ்த்து வைத்த குடத்தில் மட்டும் நீர் நிறைவதில்லை அன்றோ?

2011 முதல் ஆங்கிலத் திருப்பலியில் “எல்லாருக்காகவும்” என்ற சொல் “பலருக்காகவும்” என மாறியது. இம்மாற்றத்தைக் கோரிய 2006ஆம் ஆண்டின் வத்திக்கான் மடலே, அவர் அனைவருக்காகவும் மரித்தார் என்பது விசுவாச சத்தியம் என்றும் வலியுறுத்தியது. இறைவன் மட்டுமே அறிந்த வழியில் மீட்பில் பங்குபெறும் வாய்ப்பைத் தூய ஆவியார் எல்லாருக்கும் அளிக்கிறார் என்பது 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தந்த போதனை.

ஆகவே தோழியரே, கிறிஸ்து யாருக்காக மரிக்கவில்லை என்று நாம் கோடு கிழிக்க இடமில்லை. நம் வகுப்பில் அருகில் அமர்ந்திருப்பவளும் அவர் உயிர் கொடுத்து மீட்டவளே. நம் குடம் நிமிர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதே நம் கடமை.