வீதிக்குக் கீழே ஒரு மதகு: கினிகத்தேனையில் எடுத்த படங்கள்

அவிசாவளையில் இருந்து ஹட்டனுக்கு ஏறும் ஏ7 வீதியில் கினிகத்தேனையைக் கடந்து போகிறவர்கள் மலையையும் மூடுபனியையும் படம் எடுப்பார்கள். நான் சில வருடங்களாக எடுத்து வருவது வீதிக்குக் கீழே இருப்பதை: கல்லால் கட்டிய பழைய மதகுகள், கடைகளுக்கு அடியில் மூடப்பட்ட வடிகான்கள், சேறு அடைத்த குழாய்கள்.

நகரங்களுக்கு அடியிலுள்ள மழைநீர்ச் சுரங்கங்களுக்குள் போய்ப் படம் எடுப்பவர்கள் வெளிநாடுகளில் பலர் உண்டு. மெல்பேர்னில் 1986இல் தொடங்கிய ‘கேவ் கிளான்’ என்ற குழு அவர்களில் பிரபலமானது. மழை நாளில் வடிகானுக்குள் இறங்கக்கூடாது என்பது அவர்களின் முதல் விதி. அவர்களுக்கு அது சாகசம். எனக்கு அப்படி இல்லை. நான் படம் எடுக்கும் மதகுக்குக் கீழே ஒரு லயம் இருக்கிறது.

மழை போகும் வழி

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுவதும் பெய்யும் மழை சுமார் 1,300 மில்லிமீற்றர். கினிகத்தேனைக்கு அடுத்துள்ள வட்டவளையில் அது 5,000ஐத் தாண்டும். தென்மேல் பருவக்காற்று மே மாதம் தொடங்கினால் செப்டெம்பர் வரை ஓயாது. இவ்வளவு தண்ணீரும் சரிவில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

தேயிலை மலையில் அதற்கு வழி செய்வது ‘கான்’. என் அப்பா பல வருடம் கான் வெட்டினார். சரிவுக்குக் குறுக்கே, லேசான சாய்வோடு போவது ஒரு வகைக் கான். அதற்குள் இடைவெளி விட்டுச் சிறு மண் திட்டுகள் வைப்பார்கள். தண்ணீர் அங்கே தங்கி, மண்ணைக் கீழே விட்டுவிட்டு, திட்டுக்கு மேலால் வழிந்து போகும். இந்தக் கான்கள் எல்லாம் மலையில் நேராக இறங்கும் பெரிய கானில் சேரும். அது வீதியைச் சந்திக்கும் இடத்தில்தான் மதகு இருக்கிறது.

மதகு அடைத்தால் தண்ணீர் வீதிக்கு மேலால் பாயும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அதைவிட ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது. தேங்கிய நீர் மண்ணுக்குள் இறங்குகிறது. மண்ணின் பாரம் கூடுகிறது. உள்ளே நிறைந்த நீரின் அழுத்தத்தால் மண் துகள்களுக்கு இடையிலான பிடிப்பு தளர்கிறது. பிறகு ஒருநாள் சரிவு முழுவதும் நகர்கிறது.

1990களில் வட்டவளையில் ரயில் பாதை இருந்த நிலமே நகரத் தொடங்கியபோது, மலைக்குள் நீண்ட துளைகள் இட்டு நிலத்தடி நீரை வடித்துத்தான் அதைக் கட்டுப்படுத்தினார்கள். 2019 ஜூலையில் கினிகத்தேனை நகரில் ஒரு கடைவரிசை மண்ணோடு சரிந்தது. ஒவ்வொரு சரிவுக்கும் வடிகான் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. சரிவை வெட்டிக் கட்டும் கட்டடங்கள், பாறையின் அமைப்பு, கைவிடப்பட்ட மலைகள் என்று பல உண்டு. ஆனால் நம் கையால் சரிசெய்யக்கூடியது வடிகான்தான்.

மச்சானும் பங்கரும்

எங்கள் அத்தையின் குடும்பம் 1977 கலவரத்தோடு வன்னிக்குப் போனது. அத்தை மகன் 2009 வரை அங்கே எல்லாவற்றையும் அனுபவித்தவர். ஒரு மாசியில், மழை இல்லாத நாட்களில், எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அவரையும் அழைத்துக்கொண்டு மதகுக்குப் போனேன். குனிந்து நுழையும் உயரம். உள்ளே இருட்டு, ஈர மண் மணம். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“நீ போ மச்சான். எனக்கு இந்த மணம் சரிவராது.”

நான் எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்தபோது மேல் மலையைப் பார்த்தபடி நின்றார். இங்கே வெயில் அடித்தாலும் மேலே மழை பெய்தால் தண்ணீர் வந்துவிடும் என்பதை நான் சொல்லாமலே காவல் நின்றிருக்கிறார்.

“பங்கர் வெட்டேக்க முதல்ல தண்ணி எந்தப் பக்கத்தால வரும் எண்டுதான் பாப்பம்,” என்றார். “செல்லுக்குத் தப்பி மழைக்கு மாட்டின சனமும் இருக்கு.”

படம் எதற்கு?

ஒரே இடத்தில் நின்று, ஒரே பக்கம் பார்த்து, மாதம் ஒருமுறை எடுக்கிறேன். அடையாளம் கீறிய மூங்கில் கழி ஒன்றைச் சுவரோடு சாத்தி வைப்பேன். சேறு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று படமே சொல்லும். தனியாக உள்ளே போவதில்லை. வெளியே ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். வாசலில் இருந்தே எடுக்க முடிந்தால் அதுவே போதும்.

மதகில் பாதிக்கு மேல் சேறு ஏறியபோது படங்களோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மேலே இருக்கும் கான் தோட்டத்துக்குரியது என்றார்கள். தோட்டத்தில் கேட்டால், மதகு வீதிக்குரியது என்றார்கள். கீழே லயத்தில் இருப்பவர்கள் யாருக்குரியவர்கள் என்று இருவரும் சொல்லவில்லை. கடைசியில் லயத்துப் பிள்ளைகள் மண்வெட்டியோடு வந்து வாசல் பக்கத்துச் சேற்றை அள்ளினார்கள். நடுவில் இறுகியது இன்னும் அப்படியே இருக்கிறது.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரித்த பிறகும் போக ஓர் இடம் கொடுக்கப்படவில்லை என்றால் எச்சரிக்கைக்கு என்ன பொருள்?

கவனிக்க வேண்டியவை

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோலில் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 என்றால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 என்றால் வெளியேறிவிட வேண்டும். மானி இல்லாத இடத்தில் கண்தான் மானி. நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாயும் மரங்களும் மின்கம்பங்களும், திடீரென்று தோன்றும் ஊற்று, வழக்கமாக ஓடிய ஊற்று நின்றுபோவது, தெளிந்த நீர் கலங்கி வருவது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

மச்சான் ஊருக்குத் திரும்பும்போது அந்த மூங்கில் கழியில் சேறு நின்ற இடத்தைத் தன் கையால் கீறிவிட்டுப் போனார். அடுத்த மே மாதத்துக்கு முன் அந்தக் கீறலுக்குக் கீழே சேறு இறங்க வேண்டும். அதற்காக அதே படங்களை மறுபடியும் கொண்டு போகிறேன். இந்த முறை லயத்தில் இருந்து இன்னும் சிலர் கூட வருகிறார்கள்.