அக்கரையில் மாறும் அளவு

துப்பாக்கியினுள் தோட்டாக்களை அடுக்காகத் தாங்கி நின்று ஒவ்வொன்றாய் மேலே தள்ளிக்கொடுக்கும் கூட்டுக்கு மேகஸின் என்று பெயர். அதில் பத்துத் தோட்டா கொண்டாலென்ன, பதினேழு கொண்டாலென்ன என்று நமக்குத் தோன்றலாம். ஆயினும் 2011 ஜனவரி 8-ஆம் தேதி அமெரிக்காவின் அரிஸோனா ராஜ்யத்திலுள்ள டூசான் நகரில், ஜனப் பிரதிநிதி ஒருவர் மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்த இடத்தில் புகுந்து ஆறு உயிர்களை வதைத்தவன், முப்பத்து மூன்று தோட்டா கொள்ளும் மேகஸினைத் தீர்த்துவிட்டு வேறொன்றை மாட்ட முயன்ற தருணத்திலேதான் அங்கிருந்த சாமானியர்கள் அவனை மடக்கிப் பிடித்தார்கள். அத்தகைய தருணம் விரைவில் வாய்க்க வேண்டும் என்பதே மேகஸினின் கொள்ளளவுக்கு வரம்பு விதிக்கும் சட்டங்களின் தாத்பரியம்.

பத்துக்கு மேற்பட்ட தோட்டா கொள்ளும் புதிய மேகஸின்களைத் தேச முழுவதற்கும் விலக்கி 1994-இல் பிறந்த சமஷ்டிச் சட்டம் 2004-இல் காலாவதியாயிற்று. அதன்பின் அளவை வகுக்கும் பொறுப்பு அந்தந்த ராஜ்யத்தைச் சார்ந்தது. நியூயார்க்கில் பத்து, கொலராடோவில் பதினைந்து, இல்லினாயில் நீண்ட துப்பாக்கிக்குப் பத்தும் கைத்துப்பாக்கிக்குப் பதினைந்தும், பென்ஸில்வேனியாவிலோ வரையறையே இல்லை.

இதனால் விளையும் சங்கடத்தை, பென்ஸில்வேனியாவையும் நியூஜெர்ஸியையும் பிரிக்கும் டெலவேர் நதியின் கரையில் நின்று பார்த்தால் நன்கு விளங்கும். பென்ஸில்வேனியாவில் முறைப்படி வாங்கிய பதினைந்து தோட்டா மேகஸினைக் காரில் வைத்துக்கொண்டு, யாதொரு தீய எண்ணமுமின்றிப் பாலத்தைக் கடந்து நியூஜெர்ஸிக்குள் நுழைகிறவர், 2018-இல் அங்கே பத்தாகக் குறைக்கப்பட்ட வரம்பை மீறியவராகி, பதினெட்டு மாதம் வரை சிறைவாசம் விதிக்கத்தக்க குற்றத்துக்கு ஆளாகிறார். பத்துத் தோட்டா மட்டுமே போட்டிருந்தேன் என்ற சமாதானமும் அங்கே செல்லாது. ஏனெனில் சட்டம் கணக்கிடுவது உள்ளே இருப்பதையன்று, கூட்டின் கொள்ளளவையே.

சட்டத்தில் எண்ணைப் போலவே வினைச்சொல்லும் முக்கியமானது. மேரிலாந்து விற்பனையைத் தடுக்கிறதேயன்றி, வெறுமனே வைத்திருப்பதைத் தடுப்பதில்லை. கொலராடோவில் 2013 ஜூலை 1-க்கு முன்பே உடைமையாயிருந்து தொடர்ந்து கைவசம் இருப்பவற்றுக்கு விலக்கு உண்டு. கலிபோர்னியாவோ 2000-இல் விற்பனையைத் தடுத்து, 2016-இல் ஜனங்களின் வாக்கினால் உடைமையையும் தடுத்தது. அதன்மேல் நெடுங்காலம் நடந்த வழக்கில் அச்சட்டம் செல்லும் என்று 2025-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே ஆயுதம் வைத்திருப்போர், குடியேறுவதற்கும் பிரயாணத்துக்கும் முன்பாகவே சேருமிடத்தின் சட்டத்தைப் படித்து, கைத்துப்பாக்கிக்கும் நீண்ட துப்பாக்கிக்கும் வெவ்வேறு வரம்பு உண்டா, பழைய உடைமைக்கு விலக்கு உண்டா என்று ஆராய்ந்து, ஐயம் எழுந்தால் வழக்கறிஞரைக் கேட்டுத் தெளிதல் வேண்டும். மிகுதியான கொள்ளளவுள்ளதை அனுமதியுள்ள இடத்திலேயே விட்டுச் செல்லலாம்; அல்லது அந்தச் சட்டம் இடந்தரும் முறையில், மீண்டும் பெருக்க முடியாதபடி நிரந்தரமாகக் குறைத்துக்கொள்ளலாம். தீர்ப்புக்குத் தீர்ப்பு நிலைமை மாறக்கூடுமாதலால் சென்ற ஆண்டு அறிந்தது இவ்வாண்டுக்குப் போதாது. குறி தவறாமல் சுடக் கற்பதைப் போலவே இந்தக் கணக்கைப் பிழையின்றி அறிவதும் ஆயுதம் ஏந்துபவரின் கடமை. பாலத்தில் ஏறும் முன்பே அதைச் செய்துவிட வேண்டும்.