ஒவ்வொரு நொடிக்கும் ஒரு கணக்கு: நீச்சல் பயிற்சியில் இயக்க உணரிகள்

2021 ஜூன் 26 அன்று ரோம் நகரில் நடைபெற்ற போட்டியில், சஜன் பிரகாஷ் 200 மீட்டர் பட்டர்ஃபிளை நீச்சலை 1 நிமிடம் 56.38 நொடிகளில் நிறைவு செய்தார். டோக்கியோ ஒலிம்பிக்கின் ‘ஏ’ தகுதி அளவு 1 நிமிடம் 56.48 நொடிகள். பத்தில் ஒரு பங்கு நொடி முந்தியதால், அத்தகுதியை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் என்னும் பெருமை, இடுக்கியில் பிறந்து நெய்வேலியில் வளர்ந்த அவருக்குக் கிட்டியது.

இத்தகைய நுண்ணிய நேரத்தைப் பயிற்சியின்போது எங்கே தேடுவது? ஸ்டாப்வாட்ச் காட்டும் நேரம், கணக்கின் இருப்புத்தொகையைப் போன்றது. மொத்தத்தை மட்டுமே சொல்லும். எங்கே எவ்வளவு செலவாயிற்று என்று வரிவரியாகக் காட்டும் பாஸ்புக்காக, உடலில் அணியும் இயக்க உணரிகள் இன்று பயன்படுகின்றன.

மணிக்கட்டிலோ இடுப்பின் பின்புறத்திலோ அணியப்படும் இச்சிறு கருவியில் முடுக்கமானியும் கைரோஸ்கோப்பும் உள்ளன. முன்னது வேகம் கூடுவதையும் குறைவதையும், பின்னது உடல் சுழலும் வேகத்தையும் நொடிக்குப் பலமுறை பதிவு செய்கின்றன. சுவரை உதைத்துத் திரும்பும்போது வரைபடத்தில் கூரிய ஏற்றம் தோன்றும். இரு திருப்பங்களுக்கிடையே கைவீச்சுகள் அலை அலையாகத் தெரியும். ரேடியோ அலைகள் நீருக்குள் விரைவில் வலுவிழப்பதால், பதிவுகள் பெரும்பாலும் கருவியிலேயே சேமிக்கப்பட்டுப் பின்னர் கணினிக்கு மாற்றப்படுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு. 50 மீட்டர் நீளக் குளத்தில், சுவரை உதைத்து நீருக்கடியில் செல்லும் 10 மீட்டரைக் கழித்தால் எஞ்சுவது 40 மீட்டர். முதல் சுற்றில் அதனை 20 வீச்சுகளில் கடந்த வீரர், இறுதிச் சுற்றில் 25 வீச்சுகள் எடுத்தால், ஒரு வீச்சின் நீளம் 2 மீட்டரிலிருந்து 1.6 மீட்டராகக் குறைந்துவிட்டது. கைகள் ஓயாமல் இயங்கினாலும் நீர் பிடிபடவில்லை. களைப்பு தொடங்கிய இடத்தைப் பயிற்சியாளர் அறிந்துகொள்கிறார். குளத்தின் நீளம் தெரிந்திருந்தால்தான் இக்கணக்கு செல்லும். ஆற்றில் நீந்துவோருக்கு இது எளிதன்று.

இருப்பினும், கருவிக்கு வலி தெரியாது. ஒலிம்பிக்குக்கு முந்தைய காலத்தில் கழுத்துத் தண்டுவட வட்டுப் பாதிப்பால் சஜன் பெரிதும் அவதியுற்றார். இரு மணிக்கட்டுகளிலும் அணிந்தால், கைகளின் இயக்கத்தில் உள்ள வேறுபாட்டை உணரி காட்டக்கூடும். அதன் காரணத்தைக் கண்டறிய வேண்டியவர்கள் மருத்துவரும் பயிற்சியாளருமே.

எனவே, பிள்ளைகளைப் போட்டி நீச்சலுக்கு அனுப்பும் பெற்றோர் கருவி வாங்குமுன், அதன் பதிவுகளைப் படித்து விளக்கக்கூடிய பயிற்சியாளர் இருக்கிறாரா என்பதை உறுதி செய்துகொள்வது நன்று.