வக்கீல் வேலையை விட்டுவிட்டு ஒயின் எழுதப் போனவர்

சாப்பாட்டைப் பற்றியோ ஒயினைப் பற்றியோ எழுதியே பிழைக்க முடியுமான்னு அடிக்கடி கேட்கிறீங்க. முடியும். ஆனா ருசி பார்க்கிற செலவை யார் கொடுக்கிறாங்க என்பதைப் பொறுத்துதான் அந்த எழுத்துக்கு மதிப்பு. இதுக்கு ராபர்ட் பார்க்கரை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. இன்னைக்கு அவர் கதைதான்.

1947-ல் அமெரிக்காவின் பால்டிமோர்ல பிறந்தவர். ஒயின் குடும்பம் எல்லாம் இல்லை. 1967-ல் காதலி பேட் பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பூர்க்ல படிச்சுக்கிட்டிருந்தாங்க. அவங்களைப் பார்க்கப் போன இடத்துல கோக்கை விட ஒயின் மலிவா இருந்ததாம், குடிச்சுப் பழகினார். திரும்பி வந்து சட்டம் படிச்சு, அந்தக் காதலியையே கல்யாணம் பண்ணிக்கிட்டு, விவசாயக் கடன் வங்கியில வக்கீலா வேலை பார்த்தார்.

அந்தக் காலத்துல ஒயின் எழுதினவங்க பலர் ஒயின் வியாபாரமும் பார்த்தவங்க. குறிப்பா இங்கிலாந்துல இது சாதாரணம். பயணச் செலவு, தங்குற இடம், மதிய விருந்து எல்லாம் தயாரிப்பாளர் கணக்குல போகும். அப்புறம் எப்படி ‘இது நல்லால்ல’ன்னு எழுதுறது?

பார்க்கருக்கு முன்மாதிரி ரால்ப் நேடர். கார் கம்பெனிகளை எதிர்த்து நுகர்வோருக்காக நின்ற வழக்கறிஞர். அதே மாதிரி ஒயின்ல செய்யலாமேன்னு 1978-ல் அம்மாகிட்ட கடன் வாங்கி ஒரு செய்திமடல் தொடங்கினார். கொஞ்ச நாள்ல அதுக்கு ‘தி ஒயின் அட்வகேட்’ன்னு பெயர் நிலைச்சது. நம்ம ஊர்ல அட்வகேட்னா வக்கீல்தானே, பொருத்தமான பெயர்தான்! விளம்பரம் கிடையாது. வருமானம் வாசகர் சந்தா மட்டும். அடுத்த ஆறு வருஷம் பகல்ல வங்கி வேலை, மத்த நேரத்துல ஒயின். 1984-லதான் வக்கீல் வேலையை விட்டார். இந்தத் துறைக்கு வர ஆசைப்படுறவங்க அந்த ஆறு வருஷத்தைக் கவனிக்கணும்.

அவரைத் தூக்கிவிட்டது 1982 போர்தோ. அந்த வருஷம் நல்ல வெயில். திராட்சை நல்லாப் பழுத்தது. பீப்பாயிலிருந்து எடுத்து ருசி பார்த்தப்போ ஒயின் இளசாவே மெத்துன்னு, கனிஞ்சு இருந்தது. இது நாள்பட நிற்காதுன்னு அமெரிக்காவின் பெயர்பெற்ற விமர்சகர்கள் சிலர் சந்தேகப்பட்டாங்க. பார்க்கரோ அடிச்சுச் சொன்னார், இது மகத்தான ஆண்டு, வாங்குங்கன்னு. அப்போ டாலரும் பலமா இருந்தது. வாங்கினவங்களுக்கு விலை பல மடங்கு ஏறியது.

இன்னொரு ஆயுதம் 100 மதிப்பெண் முறை. அமெரிக்கப் பள்ளிக்கூடத்து மார்க் மாதிரி. உண்மையில 50-லிருந்துதான் தொடங்கும். பாட்டிலைத் திறந்தாலே 50 கிடைச்சுடும். அவர் எழுதின வர்ணனையைப் படிக்க நேரமில்லாதவனும் கடை அலமாரியில ‘96’ன்னு ஒட்டியிருக்கிறதைப் படிச்சிடுவான். 89-க்கும் 90-க்கும் நாக்குல என்ன பெரிய வித்தியாசம்? விற்பனையில இருந்தது.

எவ்வளவு இருந்ததுன்னு தற்செயலா ஒரு சோதனையே நடந்தது. போர்தோல ஒயின் பீப்பாயில இருக்கும்போதே, அறுவடைக்கு அடுத்த வசந்தத்துல, முன்விற்பனை நடக்கும். அப்போ பண்ணைகள் பார்க்கரின் மதிப்பெண் வந்த பிறகுதான் விலை வச்சுக்கிட்டிருந்தாங்க. 2003-ல் ஈராக் போர் சமயம், வழக்கமான நேரத்துல அவர் போகல. பண்ணைகள் மதிப்பெண் தெரியாமலே விலை வைக்க வேண்டியதாச்சு. பொருளாதார ஆய்வாளர்கள் அந்த வருஷத்தை மற்ற வருஷத்தோட ஒப்பிட்டுக் கணக்குப் போட்டாங்க: பார்க்கர் மதிப்பெண்ணின் விளைவு சராசரியா ஒரு பாட்டிலுக்கு சுமார் 2.80 யூரோ. பாட்டில்கள் லட்சக்கணக்குல போகும்போது அது எவ்வளவு பணம்னு யோசிங்க.

இங்கதான் சிக்கல். அவர் காசு வாங்கல. ஓரிகன் மாநிலத்துல மைத்துனரோட சேர்ந்து வச்சிருந்த சொந்தப் பண்ணையின் ஒயினுக்கு அவர் விமர்சனமே எழுதல. நேர்மையில குறை சொல்ல இடம் கொடுக்கக்கூடாதுன்னு பார்த்தார். ஆனா ஒரே மனுஷனுக்கு அடர்த்தியான, நல்லாப் பழுத்த, மரப்பீப்பாய் வாசம் தூக்கலான ஒயின் பிடிக்கும்னு உலகத்துக்கே தெரிஞ்சா என்ன ஆகும்? அந்த ருசிக்கு ஏத்த மாதிரி செய்ய ஆரம்பிச்சாங்க. ‘பார்க்கர்மயம்’னு பொருள்படுற ஒரு வசைச்சொல்லே உருவாச்சு. 2004-ல் இது வெளிப்படையா வெடிச்சது. 2003 ஷாத்தோ பாவி ஒயினை பார்க்கர் புகழ்ந்து தள்ள, பிரிட்டனின் ஜான்சிஸ் ராபின்சன் 20-க்கு 12 கொடுத்தார். சாதாரண ஆள் இல்லை அவர். ‘மாஸ்டர் ஆஃப் ஒயின்’ தேர்வில் ஒயின் வணிகத்துக்கு வெளியிலிருந்து 1984-ல் முதன்முதலா தேறியவர். ரெண்டு பேரும் காசு வாங்காதவங்க, ரெண்டு பேருக்கும் பயிற்சி பெற்ற நாக்கு. ஆனாலும் தீர்ப்பு நேர் எதிர். என்னைக் கேட்டா, வாசகருக்கு அந்தச் சண்டை நல்லதுதான். ரெண்டு பேர் ருசியையும் தெரிஞ்சுக்கிட்டு நம்ம ருசி யார் பக்கம்னு பார்த்துக்கலாமே. ஒருத்தர் மட்டும் இருந்தா அதுக்கு வழியே இல்லை.

நம்ம ஊர்ல ஓட்டல்காரர் அழைப்புல போய் ‘வேற லெவல்’னு வீடியோ போடுறவங்களைப் பார்க்கும்போது எனக்குப் பார்க்கரின் முதல் பாதிதான் ஞாபகம் வரும். ரெண்டாம் பாதிக்கு நாம இன்னும் வரவே இல்லை.

2012-ல் பத்திரிகையின் பெரும் பங்கை சிங்கப்பூர் முதலீட்டாளர்களுக்கு வித்தார். 2017-ல் மிஷ்லின் 40 சதவீதம் வாங்கியது. 2019-ல் பார்க்கர் ஓய்வு பெற்றார். அதே வருஷம் முழுசும் மிஷ்லின் கைக்குப் போச்சு. ஆமா, அந்த டயர் கம்பெனிதான். இப்போ பகுதிக்கு ஒருத்தரா பல விமர்சகர்கள் மதிப்பெண் போடுறாங்க. மிஷ்லின் ஓட்டல் கையேட்டுக்குப் பல நாடுகளின் சுற்றுலாத் துறைகளே பணம் கொடுக்கிற கதை தனியா இருக்கு. அது அடுத்த எபிசோடுல.