நீராவிச் சாலை – 6: வாரந்தோறும் வளர்ந்த எஞ்சின்

குதிரைகள் இழுத்துவந்து வயலோரம் நிறுத்திய நீராவி எஞ்சினுக்குச் சங்கிலி பூட்டி, அதைத் தன் காலாலேயே நடக்க வைத்தார் தாமஸ் அவெலிங். 1859-இல் கென்ட் மாவட்டத்தில் நடந்த அந்தக் கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக, இப்படித் தானே நகரும் டிராக்ஷன் எஞ்சின்கள் இங்கிலாந்தின் கிராமச் சாலைகளில் கதிரடிக்கும் இயந்திரங்களையும் மரத்தடிகளையும் திருவிழா ராட்டினங்களையும் இழுத்துத் திரிந்தன. நம் ஊர்ச் சாலைகளைச் சமன்செய்த ஸ்டீம் ரோலரும் அதே வம்சம்தான். டாடாவின் டெல்கோ நிறுவனம் 1948-இல் இங்கிலாந்தின் மார்ஷல் நிறுவனத்தோடு கைகோத்து இங்கேயே அதைத் தயாரிக்கத் தொடங்கியது.

இந்த வாரம், அந்த எஞ்சின்களைச் சிறிய அளவில், வீட்டுக் கொட்டகையில், ஒரு லேத்தை வைத்துக்கொண்டு செய்கிறவர்களிடம் போகிறோம்.

அவர்களுக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது ஒரு பத்திரிகை. பெர்சிவல் மார்ஷல் 1898-இல் தொடங்கிய ‘மாடல் எஞ்சினியர்’ பல பத்தாண்டுகள் வார இதழாக வந்தது. நம் வார இதழ்களில் நாவல்கள் வந்ததைப் போல அதில் எஞ்சின்கள் தொடராக வந்தன. ஒரு வாரம் முன்னச்சு, மறு வாரம் சிலிண்டர், அதற்கடுத்து ஃப்ளைவீல். வரைபடமும் அளவும் மட்டுமல்ல. வார்ப்பை லேத்தில் எப்படிப் பிடிப்பது, எந்த முகத்தை முதலில் கடைவது, துளையைக் கடைசியில் எவ்வளவு மெல்லச் சீவுவது என்பதுவரை எழுதுவார்கள். பகலில் வேறு வேலை பார்த்தவர்கள் இரவில் அதைப் படித்து ஒவ்வோர் உறுப்பாகச் செய்தார்கள். தொடர் முடிந்து பல வருடங்கள் கழித்துத்தான் எஞ்சின் முடியும்.

டபிள்யூ. ஜே. ஹியூஸ் அதில் எழுதிய ஆல்ச்சின் எஞ்சின் தொடரை இத்துறையின் செவ்வியல் படைப்பு என்றே சொல்வேன். நார்தாம்டனில் இருந்த ஆல்ச்சின் நிறுவனம் 1925-இல் செய்த தன் கடைசி டிராக்ஷன் எஞ்சினை செஸ்டர் நகர வேளாண் கண்காட்சியில் வைத்தது; அதனால் அதற்கு ‘ராயல் செஸ்டர்’ என்று பெயர். அந்த எஞ்சினை எட்டில் ஒரு பங்காக வரைந்து, ஆணி ஆணியாகச் சொல்லிக்கொடுத்தார் ஹியூஸ். அவ்வளவு பெரிய வேலைக்குத் தயங்கியவர்களுக்கு எல். சி. மேசன் ‘மின்னி’யைத் தந்தார். அது பன்னிரண்டில் ஒரு பங்கு. மேசை மேல் வைக்கலாம். தொடர் எழுதுகிறவன் என்ற முறையில் இவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை. இவர்கள் ஓர் எண்ணைத் தவறாக எழுதியிருந்தால், முகம் தெரியாத ஒருவரின் பல இரவு உழைப்பு பழைய இரும்பாகியிருக்கும்.

எல்லா அளவையும் பன்னிரண்டால் வகுத்துவிட்டால் சின்ன எஞ்சின் வந்துவிடாதா? வராது. நீராவியும் நெருப்பும் தண்ணீரும் நம் வகுத்தலுக்குக் கட்டுப்படுவதில்லை. நீளம் பன்னிரண்டில் ஒன்றாகும்போது கொள்ளளவு 1,728-இல் ஒன்றாகிவிடுகிறது. பத்து டன் எஞ்சின், கணக்குப்படி, ஆறு கிலோவுக்குள் அடங்கும். ஆனால் அந்தக் கொஞ்சத் தண்ணீரைச் சுற்றி, அதன் அளவுக்கு, பன்னிரண்டு மடங்கு அதிகப் பரப்பு இருக்கிறது. சூடு அவ்வளவு வேகமாக வெளியே ஓடும். பெரிய பாய்லரில் இரண்டு அங்குலமாக இருக்கும் புகைக்குழாயை அப்படியே சுருக்கினால் பென்சிலை விட மெலிந்துபோய்க் கரியால் அடைத்துக்கொள்ளும். ஆகவே எண்ணிக்கையைக் குறைத்து, குழாயை அகலமாக்குகிறார்கள். தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயும் மிக மெலிந்தால் பொய் சொல்லும். நீரின் மேற்பரப்பு விசை குழாய்க்குள் மட்டத்தை ஏற்றிக் காட்டும். அதை நம்பினால் அடுப்புக்கு மேலுள்ள தகடு தண்ணீரின்றிக் காய்ந்துபோகும். எங்கே மூலத்தை விட்டு விலக வேண்டும் என்று அறிவதில்தான் இந்தக் கலையே இருக்கிறது. வெளித்தோற்றத்தில் ஓர் ஆணியும் மாறாமல், உள்ளே எல்லாவற்றையும் புதிதாக யோசித்தவர்தான் நல்ல கைவினைஞர்.

எல்லாவற்றிலும் கடினம் பாய்லர். சின்ன எஞ்சின்களுக்குச் செப்புத் தகட்டை மரக்கட்டையின் மேல் தட்டி மடித்து, வெள்ளிக் கலவையால் பற்றவைக்கிறார்கள். நம் பத்தர் பொடி வைத்து ஊதுகிற அதே வித்தை. ஆனால் இங்கே பொருள் கைச்செம்பை விடப் பெரியது. செம்பு சூட்டை ஓரிடத்தில் தங்க விடாது. ஒரு மூட்டு உருக வேண்டுமென்றால், சுற்றிலும் சூளைச் செங்கல் அடுக்கி, பெரிய கேஸ் சுடரால் பாய்லர் முழுவதையும் 600 டிகிரிக்கு மேல் மங்கிய சிவப்புக்குக் கொண்டுவர வேண்டும். அதே நேரத்தில், முன்பு பற்றவைத்த மூட்டுகள் இளகிவிடக் கூடாது.

முடித்த பாய்லரை நேராக அடுப்பில் ஏற்றிவிட முடியாது. மாதிரி எஞ்சின் செய்வோர் சங்கத்தின் பரிசோதகர் முன்னிலையில் காற்றே இல்லாமல் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு ஏற்றிப் பார்க்கிறார்கள். தண்ணீர் அழுந்திச் சுருங்காது. அதனால் மூட்டு விட்டாலும் ஒழுகும், வெடிக்காது. அதன்பின் நெருப்பிட்டு, சேஃப்டி வால்வு உரிய இடத்தில் திறக்கிறதா, அழுத்தம் பத்து சதவீதத்துக்கு மேல் தாண்டாமல் காக்கிறதா என்று பார்க்கிறார்கள். பிற்காலத் தண்ணீர்ச் சோதனைகள் ஒன்றரை மடங்கில் நடக்கும். பொழுதுபோக்குக்கு இத்தனை கண்டிப்பா என்று கேட்கலாம். சதுர அங்குலத்துக்கு நூறு பவுண்டு அழுத்தும் நீராவிக்கு அது பொழுதுபோக்கு என்று தெரியாது.

இப்படிச் செய்தவற்றை ஓட்டிக்காட்டும் இடம் நீராவித் திருவிழா. அதற்கும் ஒரு பந்தயக் கதை உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் டிராக்டரிடம் தோற்ற டிராக்ஷன் எஞ்சின்கள் பழைய இரும்புக்குப் போய்க்கொண்டிருந்தன. 1950-இல் ஆப்பிள்ஃபோர்டு கிராமத்து விவசாயி ஆர்தர் நேப்பர், தன் மார்ஷல் எஞ்சினை நண்பரின் அவெலிங் எஞ்சினோடு வயலில் ஓடவிட்டார். பரிசு ஒரு சிறு பீப்பாய் பீர். ஜெயித்தது நேப்பர். அடுத்தடுத்த பந்தயங்களுக்கு ஊர் திரண்டது. 1954-இல் தேசிய டிராக்ஷன் எஞ்சின் சங்கம் பிறந்தது. பழைய இரும்புக் கடைக்குப் போகவேண்டிய எத்தனையோ எஞ்சின்கள் அந்த உற்சாகத்தால் பிழைத்தன.

அப்படி வளர்ந்ததில் மிகப் பெரியது, 1969-இல் மைக்கேல் ஆலிவர் தொடங்கிய கிரேட் டார்செட் நீராவித் திருவிழா. 2013-இல் அங்கே 103 ஸ்டீம் ரோலர்கள் ஒரே நேரத்தில் உருண்டு உலக சாதனை படைத்தன. 2022-க்குப் பிறகு அது நடக்கவில்லை. எனக்கு அது பெரிய இழப்பாகவே தோன்றுகிறது. காட்சிக்கு நிற்கும் இயந்திரங்களை எந்த மியூசியத்திலும் பார்க்கலாம். அங்கே எஞ்சின்கள் உழுதன, கதிரடித்தன, மரம் அறுத்தன, சரளை பரப்பிச் சாலை போட்டன.

இத்தகைய விழாக்களில் சின்ன எஞ்சின்களுக்கென்று தனி வளையம் உண்டு. விறகில் நெருப்பு மூட்டி, புகைபோக்கி மேல் ஒரு சிறு மின்விசிறியைப் பொருத்துகிறார்கள். நீராவி எழும்வரை புகையை இழுப்பது அதுதான். பிறகு எஞ்சினின் சொந்த மூச்சே நெருப்பை வளர்க்கும். பிஸ்டனின் ஒவ்வோர் அடியிலும் வெளியேறும் நீராவி புகைபோக்கி வழியே சீறும்போது அடுப்புக்குள் காற்றை இழுத்துக்கொள்கிறது. சுமை கூடக்கூட நெருப்பும் தானே கூடும். மூன்றில் ஒரு பங்கு எஞ்சின் நானூறு கிலோவைத் தொடும். செய்தவர் பின்னால் வண்டியில் உட்கார்ந்து கரியிட, நாலைந்து பெரியவர்களை இழுத்துக்கொண்டு மேடு ஏறும். அதைப் பொம்மை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த வாரம், வயலின் இரு ஓரங்களில் நின்றுகொண்டு கம்பி வடத்தால் ஏரை இழுத்த எஞ்சின்களும், 1858-இல் நீராவி உழவுக்காக 500 பவுண்டு பரிசு வென்ற ஜான் ஃபவுலரும்.