புதுத் தொட்டியும் பழைய மீனும்



நாசரேத்தில் ஒரு மாணவன் சண்டை மீன் ஒன்றை வளர்க்கிறான் என்று வைத்துக்கொள்வோம். சென்னைக் கொளத்தூர்ச் சந்தையிலிருந்து வந்த நீல நிற மீன் அது. நான்கு லிட்டர்க் கண்ணாடிச் சாடியில், சில கூழாங்கற்களுடனும் ஒரு கொத்துப் பாசியுடனும் ஓராண்டுக் காலம் நலமாக வாழ்ந்தது. மீனின்மேல் அன்பு மிகுந்த அம் மாணவன், காசு சேர்த்து, ஒன்றரை அடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி ஒன்றை வாங்கினான். விளிம்பு வரை நிரப்பினால் ஏறத்தாழ 42 லிட்டர் கொள்ளும் தொட்டி. பழைய கற்களைச் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவினான். வழவழத்துப்போன பாசியை எறிந்துவிட்டுப் புதியது வாங்கினான். பளிங்கு போன்ற குழாய் நீரை நிரப்பி, அன்று மாலையே மீனை அதில் விட்டான். பத்தாம் நாள் மீன் இறந்து மிதந்தது.

சாடியில் பிழைத்த மீன் மாளிகையில் ஏன் மடிந்தது? அவன் செய்த பிழை என்ன? இதுவே இன்று நாம் ஆராய வேண்டிய பொருள்.

மூச்சுக் காற்றுப் போதாமையால் இறந்ததோ என்று ஐயுறலாம். சண்டை மீனுக்கு அக் காரணம் பொருந்தாது. செவுள்களோடு, மேற்பரப்புக்கு வந்து காற்றை நேராக விழுங்கிச் சுவாசிக்கும் தனி உறுப்பும் அதற்கு உண்டு. பட்டினியும் அன்று, வேளை தவறாமல் உணவு கிடைத்தது. காரணம் நீரிலேயே இருக்கிறது. அந்நீர் கண்ணுக்குத் தெளிவாக இருந்ததனால்தான் மாணவன் ஏமாந்தான்.

மீன் தன் உடற்கழிவைப் பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள்களின் வழியே வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட உணவும், அழுகிய இலையும் அம்மோனியாவையே உண்டாக்கும். நிறமற்று நீரில் கரைந்துவிடும் இப்பொருள், மீனின் செவுள்களை அரிக்கும் நஞ்சு. அப்படியானால் குளத்து மீன்கள் எவ்வாறு வாழ்கின்றன? நாசரேத்துக்கு அருகிலுள்ள கடம்பாக்குளத்து மீன்களுக்கு யாரும் நாள்தோறும் நீர் மாற்றுவதில்லையே! நீர்ப்பரப்பு பெரிதாகையால் நஞ்சு நீர்த்துப்போகிறது; நீர்த்தாவரங்கள் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்கின்றன. எஞ்சியதைச் சேற்றிலும் கல்லிலும் வேரிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் மாற்றிவிடுகின்றன.

இம் மாற்றம் இரண்டு படிகளில் நிகழ்கிறது. நைட்ரோசோமோனாஸ் போன்ற நுண்ணுயிர்கள் அம்மோனியாவைப் பிராணவாயுவுடன் சேர்த்து நைட்ரைட்டாக ஆக்குகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே. அது மீனின் குருதியில் புகுந்து, பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுத்து, செங்குருதியைப் பழுப்பாக்கிவிடும். காற்றை விழுங்கத் தெரிந்த சண்டை மீனும் இதற்குத் தப்பாது. மூச்சுக் காற்று உள்ளே சென்றாலும் அதைச் சுமந்து செல்லக் குருதியால் இயலாது அன்றோ? இரண்டாம் படியில், வேறு நுண்ணுயிர்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டு அளவோடு இருக்கும்வரை பெருந்தீங்கு செய்யாது. செடிகள் அதை உணவாகக் கொள்ளும். எஞ்சியதை நாம் வாரந்தோறும் நீர் மாற்றி அகற்றலாம்.

இந்த உண்மை வெளிப்பட்ட வரலாறு சுவையானது. 1850-இல் இலண்டனில் இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலார் ஒரு கண்ணாடிக் கலத்தில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் வளர்த்தார். அழுகும் இலைகளால் நீர் கலங்கவே, நத்தைகளையும் அதில் விட்டார். நத்தைகள் அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. செடியும் விலங்கும் ஒன்றையொன்று தாங்கி வாழ்கின்றன என்று அவர் விளக்கினார். நுண்ணுயிர்களின் பங்கை அவர் அறியவில்லை.

அப் பங்கைக் காட்டியது 1877-ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆராய்ச்சி. ஷ்லோசிங், முன்ட்ஸ் என்னும் இருவர், மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய குழாயின் வழியே சாக்கடை நீரை மெல்ல வடியவிட்டனர். ஏறத்தாழ 20 நாட்கள் வரை அம்மோனியா மாறாமலே வெளிவந்தது. அதன் பின்னர் நைட்ரேட்டு தோன்றியது. வெறும் இரசாயன மாற்றமாயின் முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டும். இருபது நாள் தாமதம் ஏன்? குழாயினுள் குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தினர், மாற்றம் நின்றுவிட்டது. ஆவியை அகற்றிய பின்னும் அது தானாக மீளவில்லை. சிறிது மண் கலந்த நீரை ஊற்றியபோதோ, சில நாட்களில் மீண்டும் தொடங்கியது. ஆகவே இவ்வேலையைச் செய்தவை உயிருள்ளவை என்று தெளிந்தது.

முன்னர்க் கூறிய வாரிங்டனின் மகன், தந்தையின் பெயரையே கொண்டவர். அவர் ரோதாம்ஸ்டெட் வேளாண்மை ஆய்வு நிலையத்தில் இதே பொருளை ஆராய்ந்து, மாற்றம் இரு படிகளில் நடப்பதை நிறுவினார். தந்தையின் மீன்கலத்தில் மறைந்திருந்த விடையை மகன் வயல் மண்ணில் கண்டார் எனலாம். 1890-இல் வினோகிராட்ஸ்கி என்னும் உருசிய அறிஞர் அந்நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்தார். ஆராய்ச்சி அத்துடன் முடிந்துவிடவில்லை. நன்னீர்த் தொட்டிகளில் இரண்டாம் படியைச் செய்வது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்னும் இனமே என்பது 1990-களில் தெரியவந்தது. அவ்வினத்தைச் சேர்ந்த சில நுண்ணுயிர்கள் இரண்டு படிகளையும் தாமே செய்து முடிக்க வல்லவை என்பதை 2015-இல் கண்டறிந்தனர். அவற்றுள் ஒரு வகை மீன்வளர்ப்பு நீரைத் தூய்மை செய்யும் வடிகட்டியிலேயே கிடைத்தது.

இப்போது நம் மாணவனிடம் திரும்புவோம். பழைய சாடியின் கற்களிலும் பாசியிலும் இருந்த வழவழப்பை அவன் அழுக்கு என்று எண்ணினான். அதில்தான் ஓராண்டாக மீனைக் காத்துவந்த ஊழியர்கள் குடியிருந்தனர். சோப்பு அவர்களை ஒழித்தது. குழாய் நீரின் குளோரின் எஞ்சியோரையும் வாட்டியது. அவர்கள் மீண்டும் பெருகும்வரை காத்திருக்க மீனால் இயலவில்லை. வேறு சில பாக்டீரியாக்கள் இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகும். இவையோ இரட்டிப்பாக அரை நாளோ ஒரு நாளோ எடுத்துக்கொள்ளும். தொட்டி முதிர்ச்சியடைய மூன்று முதல் ஆறு வாரம் வரை ஆவது இதனால்தான்.

ஆகவே புதுத் தொட்டி வாங்குவோர் செய்யத்தக்கது இது. தொட்டியை வெறும் நீரால் கழுவி, மணலிட்டுச் செடி நட்டு, பஞ்சு வடிகட்டியையும் காற்றுப் பம்பையும் பொருத்தி ஓடவிடுக. தாமிரபரணிக் குழாய் நீராயின், அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்து, குளோரின் நீங்கியபின் ஊற்றுக. பழைய சாடியின் கற்களில் பாதியைக் கழுவாமல் அப்படியே புதுத் தொட்டியில் இடுக. நோயற்ற மீன்கள் வாழும் நண்பர் வீட்டுத் தொட்டியிலிருந்து வடிகட்டிப் பஞ்சின் ஒரு துண்டு கிடைத்தால் இன்னும் நன்று. பிரெஞ்சு அறிஞர்கள் ஊற்றிய மண் நீருக்கு ஒப்பானது அது. பாலுக்கு உறை மோர் எப்படியோ, புதுத் தொட்டிக்குப் பழைய கல் அப்படி.

பிறகு நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் உணவை அத் தொட்டியில் இடுக. அது அழுகி அம்மோனியாவைத் தரும். நுண்ணுயிர்களுக்கு அதுவே உணவு. மீனோ அதுவரை பழைய சாடியிலேயே இருக்கட்டும். கற்களில் பாதி குறைந்துவிட்டமையால், சாடி நீரில் ஒரு பகுதியை நாள்தோறும் மாற்றி வருக. கடைகளில் கிடைக்கும் சோதனைத் துளிகளால் புதுத் தொட்டியின் நீரைச் சோதித்துக் குறித்து வைத்தால், முதலில் அம்மோனியா ஏறி இறங்குவதையும், அடுத்து நைட்ரைட்டு ஏறி இறங்குவதையும், கடைசியில் நைட்ரேட்டு தலைகாட்டுவதையும் காணலாம். உணவு இட்டுவரும்போதே முதலிரண்டும் சுழியாக நிற்கும் நாளே குடிபுகுவதற்கு நல்ல நாள்.

நம் வட்டாரத்தார் கருத வேண்டியது மற்றொன்று. கடலை அடுத்த இப்பகுதியில் பல கிணறுகளின் நீர் கடினமும் காரத் தன்மையும் உடையது. அம்மோனியாவின் கொடுமை காரத்தோடு வளர்வது. 30 பாகை வெப்பத்தில், நீரின் பி.எச். எண் 7 ஆயின் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவே கொடிய வடிவில் இருக்கும். அவ்வெண் 8 ஆயின் அது ஏறத்தாழ ஏழு பங்காகிவிடும். ஆதலால் இங்குள்ளோர் அவசரப்படுவது இன்னும் ஆபத்து.

அறியாமல் மீனை முன்பே விட்டுவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம். உணவைக் குறைத்து, நாள்தோறும் தொட்டி நீரில் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை மாற்றுக. நைட்ரைட்டு தோன்றினால் லிட்டருக்கு அரைக் கிராம் வீதம் உப்பைக் கரைத்து விடலாம். தூத்துக்குடி உப்பளத்து உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட்டு செவுள்களின் வழியே உட்புகுவதைத் தடுக்கும். நீர் மாற்றும்போது, வெளியேற்றிய நீருக்கு ஏற்ற அளவே மீண்டும் உப்பிடுக. வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் அலசாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுக.

இத்துறையில் மேலும் கற்க விழைவோர்க்குத் தூத்துக்குடியிலேயே, 1977-இல் தொடங்கப்பெற்ற மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அதற்கு முன்னரே, ஒரு கண்ணாடித் தொட்டியும் ஒரு குறிப்பேடும் உங்கள் முதல் ஆய்வுக்கூடம் ஆகலாம். நம் மாணவனிடம் அன்புக்குக் குறைவில்லை. பொறுமை மட்டுமே குறைந்தது. உயிரை வளர்ப்பவன் அவ்வுயிரைத் தாங்கும் சிற்றுயிர்களையும் வளர்க்க வேண்டும். அடுத்த முறை அவன் ஆறு வாரம் காத்திருப்பான். அவனுடைய மீனும் நெடுநாள் வாழும்.