புற்றுநோயாளியும் உடனிருப்போரும்

மைசூரில், ஹெப்பாள் தொழிற்பேட்டைப் பகுதியில், வெளிவட்டச் சாலையை ஒட்டிப் புற்றுநோய் மருத்துவமனை ஒன்று இயங்கி வருகிறது. கதிர்வீச்சுச் சிகிச்சை பொதுவாக வாரத்திற்கு 5 நாட்கள் வீதம் பல வாரங்கள் நீடிக்கும். வெளியூர் நோயாளியுடன் மனைவியோ மகனோ தங்க நேரிடுகிறது. அவர் கூலித் தொழிலாளியாயின் வருவாயும் அன்றே நின்றுவிடும். மருத்துவக் கோப்பில் அவரைப் பற்றி ஒரு வரியும் இராது.

நோயாளியின் துன்பம் உடல், உள்ளம், சமூகம், ஆன்மிகம் ஆகிய நான்கும் பின்னிய ‘முழு வலி’ என விளக்கியவர், 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். ஆன்மிகம் என்பதைச் சமய போதனை எனக் கொள்ளலாகாது. ‘எனக்கு ஏன் இந்நோய் வந்தது?’ என்ற வினாவைப் பொறுமையுடன் செவிமடுப்பதே அதன் பெரும் பகுதி. ‘எல்லாம் வினைப்பயன்’ எனச் சுற்றத்தார் கூறும் ஆறுதல், பல வேளைகளில் குற்ற உணர்வையே வளர்க்கிறது. நோயின் பெயரை மறைப்பதும் அத்தகையதே. இருவரும் அறிந்திருந்தும், ஒருவர் பொருட்டு மற்றவர் மறைத்துத் தனித்தனியே அழுகின்றனர்.

எனினும், முதலில் உடல் வலி தணிய வேண்டும். வலியில் துடிப்பவரின் செவியில் எம்மொழியும் ஏறாது.

கோழிக்கோட்டில் 1993-இல் தோன்றிய வலி மற்றும் தணிப்புச் சிகிச்சைச் சங்கம், மருந்துடன் தன்னார்வத் தொண்டர்களையும் இணைத்தது. பயிற்சி பெற்ற அண்டை அயலார் இல்லம் தேடிச் சென்றனர். கேரள அரசு 2008-இல் இதனைக் கொள்கையாகவே ஏற்றது. ஹெப்பாளைப் போன்ற இடங்களிலும் தொண்டர் ஒருவர் நோயாளியருகே இரண்டு மணி நேரம் அமர்ந்தால், அவர் மனைவி சற்றே உறங்க இயலும்.